பாதி படித்த நாவல்

காலை வெயில் பூங்காவின் ஓடுபாதையில் இப்போதுதான் இறங்குகிறது. சின்ன மருமகளுக்கு மூச்சு வாங்குகிறது. மூத்தவளின் ஷூ முன்னால் தப்தப்பென்று அடிக்கிறது. சின்னவள் எந்த நாவலைக் கையில் எடுத்தாலும், "கடைசியில அவ செத்துடுவாடி" என்று முடிவைப் போட்டு உடைத்துவிட்டுச் சிரிக்கிறவள் இந்த மூத்த ஓரகத்தி. வருகிற ஞாயிறு இருவருக்கும் முதல் பந்தயம், ஐந்து கிலோமீட்டர். பெஞ்சில் மூத்தவள் பாதி படித்த நாவல், நடுவே தலைமுடிக் கிளிப்போடு காத்துக் கிடக்கிறது. சின்னவள் அதை நேற்றே திருட்டுத்தனமாகப் படித்து முடித்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி மூத்தவளை எட்டிப் பிடிக்கிறாள். வியர்வை வழியும் காதருகே வாயைக் கொண்டுபோகிறாள். "அக்கா, அந்த டாக்டர் அவளைக் கட்டிக்க மாட்டான். அவ தங்கச்சியைத்தான் கட்டிக்கிறான்." "அடிப்பாவி, நில்லுடி!" சின்னவள் நிற்பதாக இல்லை. இத்தனை நாள் ஓடிப் பழகியதே இதற்குத்தான்.