மூன்றாம் தரம்

"வாயைத் தொறக்க மாட்டேங்கறாங்களா? நல்லதாப் போச்சு சிஸ்டர். வீட்ல எல்லாருக்கும் ரெண்டு நாள் நிம்மதி."

சொல்லிவிட்டுக் கவிநிலா மாமியார் ரஞ்சிதத்தின் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த நபீசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மருமகளா?

நபீசாவும் ரஞ்சிதமும் பல வருஷமாக டயாலிசிஸில் அடுத்தடுத்த கட்டில்காரர்கள். சிறுநீரகம் கெட்டால் எலும்பையும் அது சும்மா விடுவதில்லை. கழுத்துக்குள் பட்டாணி போல இருக்கிற நாலு பாராதைராய்டு சுரப்பிகள் வீங்கிப்போய், எலும்பில் இருக்கிற கால்சியத்தையெல்லாம் கரைத்து எடுத்துவிடும். இருவருக்கும் அதே கதைதான். மாத்திரைக்கு அடங்கவில்லை. ரஞ்சிதத்துக்கு நேற்று அந்தச் சுரப்பிகளை எடுக்கிற ஆபரேஷன் முடிந்தது. நபீசாவுக்கு நாளைக்கு.

ரஞ்சிதம் வீராம்பட்டினம் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். அவள் குரல் எழும்பினால் அலை கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

"குரல் நரம்பு பக்கத்துலயே ஓடுது. அபூர்வமா அது பாதிக்கப்படலாம்" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் ரஞ்சிதம் நபீசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிட்னி போனப்பகூட நான் நடுங்கல நபீசா. தொண்டை போயிடுச்சுன்னா அப்புறம் நான் யாரு?"

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. நரம்புக்கு ஒன்றுமில்லை, தாராளமாகப் பேசலாம் என்று டாக்டரே வந்து சொல்லிவிட்டார். ஆனாலும் ரஞ்சிதம் பேசவில்லை. திறக்காத வரைக்கும் குரல் உள்ளே பத்திரமாக இருக்கும் என்பதுபோல, உதட்டை இறுக்கிக்கொண்டு மேலே பார்த்தபடி கிடந்தாள்.

நர்ஸ் செந்தமிழ்ச்செல்வி குனிந்து கேட்டாள்.

"அம்மா, சுரப்பியை எடுத்ததும் பட்டினி கிடந்த எலும்பெல்லாம் கால்சியத்தை இழுத்துக்கும். ரத்தத்துல ரொம்பக் குறைஞ்சா வலிப்பே வரலாம். உதடு மதமதன்னு இருக்கா? விரல் நுனி சுருக்சுருக்குங்குதா? நாங்க ரத்தம் எடுத்துப் பாக்கறோம்தான். ஆனா முதல்ல சொல்ல வேண்டியது நீங்க."

ரஞ்சிதம் கையை லேசாக அசைத்தாள். ஆமாவா, இல்லையா? யாருக்கும் புரியவில்லை.

நர்ஸ் நகர்ந்ததும் கவிநிலா தொடங்கினாள்.

"அத்தை, ஒரு சமாச்சாரம். இன்னைக்கு உங்க இடத்துல நான்தான் ஏலம் கூறினேன்."

ரஞ்சிதத்தின் கண் மட்டும் திரும்பியது.

"என்னமோ பெரிய வித்தைன்னு நெனச்சேன். ஒண்ணுமே இல்ல. ஒரு கூடை வஞ்சிரம். அரிகிருஷ்ணன் யாவாரி மூவாயிரம்னாரு. விட்டுட்டேன்."

"ஏம்மா, இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றாள் நபீசா.

"இருங்கக்கா. எப்படிக் கூறினேன்னு அத்தை கேக்க வேணாமா?"

எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, பூனைக்குட்டிக் குரலில் ஒரே மூச்சாக ஓட்டினாள்: "மூவாயிரம் ஒரு தரம் ரெண்டு தரம் மூணு..."

"நிறுத்துடி."

வார்டு திரும்பிப் பார்த்தது. முதல் சொல் கரகரத்துத்தான் வந்தது. அடுத்தது அப்படி இல்லை.

"கூடை வஞ்சிரம் மூவாயிரமா? உங்கப்பன் வூட்டு மீனா அது? ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவுல மூச்சு வுடணும்டி. அந்த மூச்சுலதான் வாங்கறவன் மனசு மாறும், பின்னால நிக்கறவன் கையைத் தூக்குவான். கடங்காரி, ஒரு நாள்ல என் கரையையே வித்துட்டு வந்து நிக்கறியே."

கடைசிக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் ஓடி வந்தாள்.

"அம்மா, மெதுவா. தையல் இருக்கு. உதடு எப்படி இருக்கு?"

"மதமதன்னுதான் இருக்கு, விடியக்காலத்துலேர்ந்து. விரல்லகூட எறும்பு ஊறுது. அது கெடக்கட்டும் சிஸ்டர், முதல்ல இவளை வெளிய அனுப்பு."

நர்ஸ் முகம் மாறியது. டாக்டரைக் கூப்பிட்டாள். ரத்தம் எடுத்தார்கள், கால்சியம் ஊசி ஏறத் தொடங்கியது. அது ஏறி முடிகிற வரைக்கும் ரஞ்சிதம் அரிகிருஷ்ணனையும் மருமகளையும் மாற்றி மாற்றி ஏசிக்கொண்டிருந்தாள்.

கவிநிலா எப்போது வெளியே போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

நபீசாவுக்குப் பொறுக்கவில்லை. முட்டி வலிக்க வலிக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். கவிநிலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது.

"இப்ப அழுது என்னம்மா பிரயோசனம்? கழுத்தை அறுத்துத் தச்சுக் கெடக்கற மனுஷிகிட்ட வந்து பேசற பேச்சா அது? அந்த வஞ்சிரத்தைத்தான் வந்த விலைக்குத் தள்ளிட்டே. அதை வந்து சொல்லித்தான் ஆகணுமா?"

கவிநிலா திரும்பினாள். கண்ணெல்லாம் நீர். ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"எந்த வஞ்சிரம்க்கா? அத்தையை இங்க சேத்ததுலேர்ந்து கடல்ல ஒரே காத்து. ஊர்ல ஒரு போட்டுகூட இறங்கல."

கவிநிலாவின் கையிலிருந்த போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஏங்க, உங்கம்மா என்னைத் திட்டிட்டாங்க. அதே தொண்டைங்க, ஒரு இழைகூடக் குறையல."