தொண்ணூற்றேழு பெட்ரோல்

"இன்னிக்கு அந்த மெக்கானிக் சாயத்தை வெளுக்க வைக்கிறேன், பாருங்க மாமா" என்று சொல்லிக்கொண்டேதான் மைத்துனன் பட்டறை வாசலில் காரை விட்டு இறங்கினான்.

மாமா என்பவர் அவனுடைய அக்காவின் கணவர். அக்காவுக்கு ஏழாவது மாதம். பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவனிடம் மாமா அக்காவைப் பற்றிப் பேசியது இரண்டு நிமிஷம், காரைப் பற்றிப் பேசியது இரண்டு மணி நேரம்.

அதில் ஒன்று மட்டும் அவனுக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. நாலு மாதமாக மாமா ஆக்டேன் தொண்ணூற்றேழு பெட்ரோல்தான் போடுகிறாராம். சாதாரணப் பெட்ரோல் இந்த எஞ்சினுக்கு ஆகாது என்று மெக்கானிக் சொன்னாராம்.

மைத்துனனுக்கு எஞ்சின் சோதனைக் கூடத்தில் வேலை. பெட்ரோல் எப்படி எரிகிறது என்று பார்த்துப் பார்த்தே பாதித் தலைமுடியை இழந்தவன். அவனிடம் போய் இதைச் சொன்னால் விடுவானா?

ஒரு வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்க சார்" என்றார்.

"இந்தக் காருக்குத் தொண்ணூத்தேழுதான் போடணும்னு நீங்களா சொன்னீங்க?" என்று ஆரம்பித்தான் மைத்துனன்.

"ஆமா தம்பி."

"ஆக்டேன்கறது பெட்ரோலோட பலம் இல்லைங்க. எஞ்சின் கொடுக்கிற அழுத்தத்துல தானா வெடிச்சுடாம எவ்வளவு தாங்கும்கற அளவு. ரேஸ் வண்டிக்கு அது வேணும். இது குடும்பக் கார். பெட்ரோல் மூடிக்கு உள்பக்கமே 'தொண்ணூத்தொண்ணு'ன்னு ஒட்டியிருக்கு."

மாமா போய்த் திறந்து பார்த்தார். ஒட்டித்தான் இருந்தது. பங்க்கில் அதைத் திறப்பது வேறு ஆள் என்பதால் அவர் இதுவரை படித்ததில்லை.

"அப்போ மைலேஜ் எப்படி மச்சான் கூடுச்சு? முன்னாடி பதினொண்ணு, இப்போ பதினாலு. இந்தப் பெட்ரோல் நிதானமாத்தான் எரியுமாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினா பாதி எரியாம புகையாப் போயிடுமாம். அதனால நான் அறுபதைத் தாண்டுறதே இல்லை."

"அது அதைவிடப் பெரிய புளுகு மாமா. வேகமாப் போனாலும் எரியும். எஞ்சின்ல சென்சார் இருக்கு, அதுவே பார்த்துக்கும். மெதுவா உருட்டினா எந்தப் பெட்ரோலுக்கும் மைலேஜ் கூடத்தான் செய்யும்." மெக்கானிக்கிடம் திரும்பினான். "பங்க்காரர் உங்களுக்கு என்ன தர்றார்?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்து மாமாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"நாலு மாசமா என் காதுல பூ சுத்தினீங்களா? நான் நத்தை மாதிரி ஊர்ந்துட்டிருந்தேனே. போதும். இனிமே பழையபடி பறக்க வேண்டியதுதான். இந்தப் பட்டறைப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டேன். தெரிஞ்சவங்க ஒருத்தரையும் வர விட மாட்டேன்."

"சரி சார். கடைசியா ஒரு உதவி. வண்டியைத் தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுடறேன்" என்றார் மெக்கானிக்.

மாமா முறைத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அது வெளியே போகும்வரை மெக்கானிக் காத்திருந்தார்.

"தம்பி, நீங்க சொன்னது அத்தனையும் சரி. எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா பொய் சொன்னீங்க?"

"நாலு மாசம் முன்னாடி உங்க அக்கா தனியா இங்க வந்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்பகூட நூத்திருபதுல போறாராம். பயமா இருக்குன்னா சிரிக்கிறாராம். 'எனக்காகவும் மெதுவாப் போக மாட்டார், வயித்துல இருக்கிறதுக்காகவும் போக மாட்டார். காருக்கு ஆகாதுன்னா கேப்பார். நீங்க ஏதாவது சொல்லுங்க'ன்னு அழுதாங்க. எனக்குத் தெரிஞ்சது பெட்ரோல்தானே, அதை வெச்சுச் சொன்னேன்."

மைத்துனனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா நாலு மாதம் நிம்மதியாக உட்கார்ந்து போனதை அவனே வந்து கெடுத்துவிட்டானே.

மாமா திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினார்.

"ஏறு மச்சான். நாளைக்கு உன் அக்காவைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும், டேங்க் காலி. சாதாரணப் பெட்ரோலே போட்டுடலாமா?"

மைத்துனன் கதவைத் திறந்து ஏறினான்.

"வேண்டாம் மாமா. மூடியில ஒட்டியிருக்கிறது குறைஞ்சபட்ச அளவுதான். எஞ்சின் மாடலை நான்தான் சரியாப் பார்க்கலை. இவர்கிட்ட இப்பத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். தொண்ணூத்தேழே போடுங்க."

"அப்போ இவர் சொன்னதெல்லாம் சரியா?"

"ஒண்ணே ஒண்ணுதான் தப்பு" என்றான் மைத்துனன். "அறுபதுல போனாலே கொஞ்சம் வீணாகுமாம் மாமா. இனிமே ஐம்பதைத் தாண்டாதீங்க."