மிச்சமிருந்த பச்சை

“கிருமி போயிடுச்சும்மா. உங்க வீட்டுக்காரரோட எதிர்ப்பு சக்திதான் அடங்காம இப்ப நுரையீரலையே எரிக்குது. நாப்பது சதவீதம் போச்சு. ஊசி போட்டா அடங்கிடும். கையெழுத்துப் போடுங்க” என்றார் டாக்டர்.

குந்தவை பேனாவை வாங்கினாள். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய கொழுந்தன் வீரையன், போன வருடம் வாய்க்காலை அடைத்து இவர்கள் பயிரைக் கருகவிட்டவன். கணவர் கலியமூர்த்திக்குக் கொரோனா வந்த நாளிலிருந்து, தண்ணீர் நிற்கும்போதே வீரையனுடைய வயல் கருகிக்கொண்டிருந்தது. நேற்று ஒரு மாவாக இருந்தது, இன்று காலை ஐந்து மா நிலத்தில் இரண்டு மாவாகத் தீய்ந்திருந்தது. மூன்று மா பச்சையாக நின்றது.

தீவிர சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு அப்பால் கலியமூர்த்தி, வேண்டாமென்று தலையாட்டினார். பிறகு மூன்று விரல்களைக் காட்டினார். வயலைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மிச்சமிருந்த மூன்று மாவை நினைத்தபடி குந்தவை பேனாவை மூடினாள்.

“மூணு நாள் பொறுத்துப் போடலாமா டாக்டர்?”