மூன்று முன்னே, இரண்டு பின்னே

நியூ ஆர்லியன்ஸ் நடனக் கூடத்தின் ஜன்னல் வழியே ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் பியானோவின் மேல் விழுந்து கிடக்கிறது. கியூபாவிலிருந்து வந்த யூசேபியோ இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுகிறான். முதலில் மூன்று தட்டு, பிறகு இரண்டு. போன வருஷம் பியானோக்காரன் அல்சீடைத் தன் அறையில் உட்காரவைத்து அவன் சொல்லிக்கொடுத்த அந்தத் தாளத்தின் மேல்தான் அல்சீடின் இடது கை பியானோவில் உருண்டோடுகிறது. கூட்டம் இடுப்பை ஒடித்து ஆடுகிறது. வாசித்தபடியே அல்சீட் மைக்கில் சிரிக்கிறான்: "இது நானா யோசிச்சுப் பண்ண தாளமாக்கும்! அய்யா மூளை அப்படி!" பிறகு தலையைத் திருப்பி, "ஏ கட்டைக்காரா, தூங்காம தட்டுய்யா!" யூசேபியோவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரு தட்டைக்கூட விடாமல், இரண்டை முன்னால் கொண்டுவந்து மூன்றைப் பின்னால் தள்ளிவிடுகிறான். அல்சீடின் இடது கை தடுக்கி விழுகிறது, எழுந்து தேடுகிறது, மறுபடியும் விழுகிறது. டிரம்ஸ் ஒரு பக்கம் இழுக்க, சாக்ஸபோன் இன்னொரு பக்கம் இழுக்கிறது. ஆடிக்கொண்டிருந்த பெண்கள் நின்று தங்கள் பாதங்களையே பார்க்கிறார்கள். யாரோ விசிலடித்துக் கேலி செய்கிறார்கள். வேர்வை சொட்டச் சொட்ட அல்சீட் பல்லைக் கடிக்கிறான்: "டேய், எங்கடா போய்ட்டே? நான் எங்க சேந்துக்கறது?"

"உன் தாளம்தானேப்பா? என்னை ஏன் கேக்கறே?" என்று சொல்லிவிட்டு யூசேபியோ இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டுகிறான்.