ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது

ஜாதகம் பார்ப்பதை விட்டுவிட்டு எல்லோரும், அரசாங்கம் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த குடியெண்ணைப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம். பெண்ணின் எண்ணையும் பையனின் எண்ணையும், ஒன்றைத் தவிர வேறு ஏதாவது ஓர் எண் மீதியில்லாமல் வகுத்தால்தான் பொருத்தம்.

செண்பகவல்லியின் எண் 62773913. அது பகா எண், எதனாலும் வகுபடாது என்றது தரகரின் கருவி. பதினான்கு வரன்கள் திரும்பிப் போயின. அவளோடு வேலை பார்த்த மகிழ்நனின் எண்ணைக் கணக்கு வாத்தியாரான அப்பாவே வாங்கிப் பார்த்தார். அதுவும் சேரவில்லை என்றார். மகிழ்நன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது. நாற்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தானே உட்கார்ந்து வகுத்துப் பார்த்தாள். தரகரின் கருவி ஐயாயிரம்வரைதான் பார்க்கும். அவள் அதற்கு மேலும் போனாள். 7919 மீதியில்லாமல் வகுத்தது. இன்னமும் மனப்பாடமாக இருந்த மகிழ்நனின் எண்ணையும் அதுவே வகுத்தது.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் அம்மா. "உங்கப்பா அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டாரு."

"அப்புறம் ஏன் சேரலன்னு சொன்னாரு?"

அம்மா அடுத்த கொத்தை எடுத்தாள்.

"நம்பர் சேந்தா போதுமாடி? அவங்க வேற ஆளுங்க."