ஏழாவது தம்ளர்

"லண்டன்ல இப்ப ராஜா யாரு, தம்பி?"

கேட்டவர் ஹபீப் முகம்மது. மேலப்பாளையத்தில் நான்கு தறிக்கூடங்களுக்கு முதலாளி. தெருப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறார். வாத்தியார் வேலை கேட்டவனுக்கு நாலு விஷயம் தெரியுமா என்று பரீட்சை பார்க்க அவன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

பதில் சொல்ல வேண்டிய காஜா முகைதீன் திரையை ஒட்டி உட்கார்ந்திருந்தான். தொண்டையைச் செருமினான்.

"ராத்தா, குடிக்கத் தண்ணி."

திரைக்கு உள்ளே அவன் அக்கா மைதீன் பாத்திமா பல்லைக் கடித்தாள். எட்வர்ட் ராஜா செத்ததைப் போன மாதம்தான் தெருத்தெருவாகத் தமுக்கடித்துச் சொன்னார்கள். அதைக்கூடக் காதில் வாங்காமல் மொட்டைமாடியில் புறா விட்டுக்கொண்டிருந்த மகராசன் இவன்.

துண்டுத்தாளில் 'ஜார்ஜ்' என்று பென்சிலால் எழுதித் தட்டில் வைத்தாள். அதன்மேல் தண்ணீர்த் தம்ளரை வைத்து, திரைக்கு அடியில் தட்டைத் தள்ளினாள்.

தம்ளரைத் தூக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல், கணீரென்று, "ஜார்ஜ் மன்னர், முதலாளி!"

முதலாளிக்குக் கேள்வித்தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். தட்டையா பார்க்கப்போகிறார்?

வாந்திபேதி எதனால் பரவுகிறது என்று கேட்டார். அதற்கும் ஒரு தம்ளர். 'கெட்ட தண்ணீரால்' என்று படித்துவிட்டு, கையிலிருந்த தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தான்.

போன வாரம்வரை வானத்தில் தெரிந்த வால் வெள்ளி மறுபடி எப்போது வரும்? எழுபத்தைந்து வருஷம் கழித்து. சதுர மைலுக்கு எத்தனை ஏக்கர்? அறுநூற்று நாற்பது. சூரிய கிரகணத்தில் குறுக்கே வருவது எது? இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது?

ஆறு கேள்வி, ஆறு தம்ளர்.

"சரக்கு இருக்குவே உம்மகிட்ட," என்றார் முதலாளி.

சரக்கு திரைக்குப் பின்னால் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தது.

கொழும்புக் கடையில் கணக்கெழுதிய புருஷன் மௌத்தான செய்தியோடு அவளுக்கு ஒரு பெட்டி வந்தது. அதில் துணி குறைவு, புத்தகம்தான் அதிகம். புருஷனுக்காகத் துக்கம் காக்கும் இத்தாக் காலம் முடிந்தும் அவள் பெட்டியை மூடவில்லை. ஐந்து வருஷமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று காலையில்தான் தம்பி அல்லா மேல் ஆணையிட்டிருந்தான். வேலை அவனுக்குக் கிடைத்தால், பின்கட்டில் பெண்பிள்ளைகளுக்கு அவள் பாடம் சொல்லலாம். பேச்சை அவனே முதலாளியிடம் எடுப்பான். அதை நம்பி ஒன்பது வீடு ஏறி இறங்கிவிட்டு வந்தாள். தறிக்கு நூல் சுற்றும் ஒன்பது சிறுமிகள், நாளைக்கே வரவா, நாளன்னைக்கு வரவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது இது ஒன்றைத்தான்.

முதலாளி கேள்வித்தாளை இறக்கினார். "இது பரீட்சை இல்ல, தம்பி. சும்மா கேக்குதேன். பொட்டப்புள்ளைகளுக்கும் ஒரு வகுப்பு வைக்கலாம்னு சிலபேரு சொல்லுதாவ. நீரு என்ன நினைக்கீரு?"

மைதீன் பாத்திமா திரையை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் பேச்சை எடுக்கக்கூட வேண்டாம், அது தானாகவே வந்து மடியில் விழுந்துவிட்டது. 'வைக்கலாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

இதற்கு அவன் தண்ணீர் கேட்கவில்லை.

"பொம்பளையாளுக்கு அதெல்லாம் எதுக்கு முதலாளி?" என்று சிரித்தான். "கேட்ட நேரத்துக்குத் தண்ணி கொண்டாரத் தெரிஞ்சாப் போதாதா?"

முதலாளியும் சிரித்தார். "அதுவும் சரிதான்."

ஆற்றைக் கடக்கும் வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். இந்தப் பாவி கரை ஏறும்வரைகூடப் பொறுக்கவில்லை. நடு ஆற்றில், அவள் தோளில் உட்கார்ந்துகொண்டே சொல்லிவிட்டான்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரையைக் கிழித்துக்கொண்டு போய் அந்தச் சிரித்த வாயிலேயே ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. ஒன்பது வீட்டிலும் போய் என்ன சொல்வாள்?

"கடைசிக் கேள்வி," என்றார் முதலாளி. "இதைச் சொல்லிட்டா நாளைக்கே நீரு வாத்தியாரு. நமக்கு இங்க உச்சிப்பொழுதுன்னா, மக்காவுல அப்ப மணி என்ன?"

மக்கா மேற்கே முப்பத்தெட்டு பாகை. பாகைக்கு நாலு நிமிஷம். இரண்டரை மணி நேரம் பிந்தி. அவன் செருமுவதற்கு முன்பே அவள் கை, பழக்க தோஷத்தில், 'காலை ஒன்பதரை' என்று எழுதி முடித்திருந்தது.

"ராத்தா, தண்ணி."

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தட்டில் வைத்துத் தள்ளினாள். கேட்ட நேரத்துக்கு, ஒரு நிமிஷம்கூடப் பிந்தாமல்.

தம்ளரைத் தூக்கும் சத்தம் கேட்டது. வைக்கும் சத்தம் கேட்கவில்லை.

"என்ன தம்பி, மக்காவுல மணி என்ன?"

"ராத்தா..." அவன் குரல் இப்போது கணீரென்று இல்லை. "இன்னும் கொஞ்சம் தண்ணி."

மைதீன் பாத்திமா எழுந்தாள். மூலையில் இருந்த பானையை இரண்டு கையாலும் தூக்கி வந்து, தளும்பத் தளும்பத் திரைக்கு வெளியே வைத்தாள்.