கேப்டன் ஏன் போகவில்லை?

"கிளப்பை இழுத்து மூடியாச்சு மாமா. மைதானத்து நாற்காலியைக்கூட ஏலம் விடறாங்களாம்!"

ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடையில் காத்திருந்த மாமாவும் மச்சானும் அந்தக் கால்பந்து கிளப்பின் தீவிர ரசிகர்கள்.

"முதலாளி தலைக்கு மேல கடன் வாங்கினா எப்படி உருப்படும்?" என்றார் மாமா.

"முதலாளியை விடுங்க. சம்பளம் நின்னப்பவே பெரிய கிளப் ஒண்ணு நம்ம கேப்டனைக் கூப்பிட்டுச்சே! போயிருக்கலாம்ல? இது விசுவாசமில்ல மாமா, பைத்தியக்காரத்தனம்!"

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே போட்டான். "கேப்டனும் போயிட்டா, டீம்ல மத்தவங்களை யாரு சார் சீந்துவாங்க?"

"உனக்கு ஏம்ப்பா இவ்வளவு கோபம் வருது?" என்று கேட்டார் மாமா.

அவன் பதில் சொல்வதற்குள், தோளில் பையுடன் அவன் மனைவி ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தாள்.

"எல்லாருக்கும் வேற கிளப்ல இடம் கிடைச்சிடுச்சுங்க! கடைசியா நம்ம கோல்கீப்பரும் இப்பத்தான் கையெழுத்துப் போட்டா."

"நீ?"

"அவ போட்டதும் நானும் போட்டுட்டேன். அதே பெரிய கிளப்தான்!"

மெக்கானிக் அப்படியே பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியதில் அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மச்சான் துள்ளி எழுந்தான். டிவியில் மட்டுமே பார்த்த முகம்!

"கேப்டன்! நான் ஏதோ வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்..."

"பரவாயில்லைண்ணா. வீட்டுல இவரும் என்னை அப்படித்தான் திட்டிக்கிட்டிருந்தார்" என்று சிரித்தாள் அவள்.